பதிவு செய்வதா, வேண்டாமா? டெல்டாவில் நலவாழ்வுக் கூட்டமைப்புக்கு ஏற்ற வடிவம் எது

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி நர்ஸ் போடச் சொல்லி நான்கைந்து அமைப்புகள் சேர்ந்து மனு கொடுக்கின்றன. அலைந்து திரிந்த பிறகு வேலை நடந்துவிடுகிறது. அடுத்த கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, "இதை முறையா பதிவு பண்ணி நடத்தலாமே" என்பார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். கூட்டமைப்பின் ஆயுள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. எந்த வடிவம் என்பதை அவசரத்தில் முடிவு செய்துவிட்டு, அதன் காகித வேலையைச் சுமக்க ஆளில்லாமல் இரண்டாம் வருடமே படுத்துவிடுகிறார்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இப்படியொரு முயற்சியைத் தொடங்கப் போகிறவர்கள் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. பதிவில்லாத ஒருங்கிணைப்புக் குழுவாக நடத்தலாம். சங்கமாகப் பதியலாம். அறக்கட்டளை தொடங்கலாம். ஏற்கெனவே பதிவான ஒரு அமைப்பின் நிழலில் இயங்கலாம். அரசே வைத்திருக்கும் குழுக்களுக்குள் நுழைந்து வேலை செய்யலாம். எதற்குச் சட்ட பலம் அதிகம் என்று பார்ப்பதைவிட, சம்பா நடவு நடக்கும் புரட்டாசியில் உங்களிடம் எத்தனை பேர் மிஞ்சுவார்கள், அவர்களால் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர்கூட இல்லாத அமைப்புக்கு நேரம்தான் மூலதனம்.

பதிவில்லாத ஒருங்கிணைப்புக் குழு

ஆறு முதல் ஒன்பது அமைப்புகள் போதும். விவசாயத் தொழிலாளர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு, மீனவர் பஞ்சாயத்து, ஜமாஅத், தேவாலயப் பங்குப் பேரவை, ஓய்வூதியர் சங்கம், நுகர்வோர் பாதுகாப்புக் குழு என்று அந்தந்த வட்டாரத்தில் உயிரோடு இருப்பவை. ஒவ்வொன்றும் எழுத்து மூலம் இரண்டு பேரை அனுப்ப வேண்டும். ஒருவர் வர முடியாத நாளில் மற்றவர் வருவார். இந்த ஜோடி ஏற்பாட்டை முதல் கூட்டத்திலேயே செய்யாவிட்டால், ஆறு மாதத்தில் எல்லா வேலையும் ஒரே ஒருவர் தலையில் விழும். அவர் மகள் கல்யாணத்துக்கோ அறுவடைக்கோ போகும்போது கூட்டமைப்பும் கூடவே போய்விடும்.

இதன் பெரிய பலம், காகித வேலை கிட்டத்தட்ட இல்லை என்பது. ஒரு தீர்மானப் புத்தகம், ஒரு வரவு செலவு நோட்டு, மனுக்களின் நகலும் தபால் ரசீதும் ஒட்டிய ஒரு கோப்பு, அவ்வளவுதான். மாதம் ஒரு கூட்டம், சுகாதார நிலையத்துக்குப் போய் ஒரு ஆய்வு, ஒரு மனு என்றால் எல்லோருடைய நேரத்தையும் கூட்டினாலும் குத்துமதிப்பாக முப்பது மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

பதிவு இல்லாததால் அதிகாரிகள் மதிக்க மாட்டார்கள் என்ற பயத்துக்கு அடிப்படை குறைவு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்கப் பதிவு எண் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தகவல் கேட்கும் உரிமையைக் குடிமகனுக்குத்தான் தருகிறது. அதனால் பதிவான சங்கமாக இருந்தாலும் விண்ணப்பத்தில் ஒரு தனிநபர் தன் பெயரில் கையெழுத்திடுவதே பாதுகாப்பு. லெட்டர்பேடில் சங்கத்தின் பெயரால் அனுப்பினால் அதையே காரணம் காட்டித் திருப்பிவிடலாம்.

பலவீனம் பணத்தில் இருக்கிறது. கூட்டமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு கிடைப்பது கடினம். உடனே செயலாளருடைய கூகுள் பே எண்ணுக்குப் பணம் போக ஆரம்பிக்கும். பத்தாயிரம் ரூபாய் சேர்ந்த அன்று கேள்வி எழும். பதில் நேர்மையாகவே இருந்தாலும் சந்தேகம் போகாது, ஏனென்றால் அந்தக் கணக்கில் அவருடைய கேஸ் சிலிண்டர் பணமும் மகன் பீஸும் கலந்து கிடக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, உறுப்பினர் எண்ணிக்கை 20-ஐ எட்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே தனி உறுப்பினர் அட்டை அடித்து, சந்தா வசூலித்து, அதே நேரத்தில் பதிவில்லாமலும் இருக்க முடியாது. உறுப்பு அமைப்புகள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டு, பொதுப் பணம் என்று ஒன்றே சேராமல் இருந்தால்தான் இந்த வடிவம் தாங்கும்.

அது முடியாத காரியமில்லை. தகவல் உரிமை விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஸ்பீட் போஸ்ட், ஜெராக்ஸ், டீ. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால் ஆய்வுக்குப் போகும் ஜோடிகளில் பெண்கள் இருந்தால் போக்குவரத்துச் செலவும் சுருங்கும்.

சங்கமாகப் பதிவு செய்தல்

குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, நோக்கத்தையும் விதிகளையும் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பதிய வேண்டும். அதன் பிறகு பான் அட்டை, வங்கிக் கணக்கு, ரசீது புத்தகம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து, நிர்வாகிகள் பட்டியலோடு பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும்.

பதிவு செய்யும் நாளில் எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். சிக்கல் மூன்றாம் வருடத்தில் வரும். முதல் வருடத் தாக்கலை ஒருவர் செய்திருப்பார். அவர் ஊர் மாறியிருப்பார், அல்லது உடம்பு முடியாமல் இருப்பார். இரண்டு வருடத் தாக்கல் நின்றிருக்கும். அதற்குள் நிர்வாகிகள் மாறி, யார் உண்மையான செயலாளர் என்பதில் தகராறு வந்தால், பதிவாளரிடம் உள்ள பழைய பட்டியலில் பெயர் இருப்பவர் கைதான் ஓங்கும். மருத்துவமனைக்காகத் திரண்டவர்கள் பதிவாளர் அலுவலகத்து விசாரணைக்கு அலைந்துகொண்டிருப்பார்கள்.

கூட்டமைப்புக்கே உரிய இன்னொரு முடிச்சும் உண்டு. சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் பொதுவாக ஆட்களின் பெயர்தான் ஏறும். மீனவர் பஞ்சாயத்தின் பிரதிநிதியாக வந்தவர், பஞ்சாயத்து அவரை மாற்றிய பிறகும் சங்கத்தில் உறுப்பினராகவே நீடிப்பார். விதிகளை எழுதும்போதே, "அனுப்பிய அமைப்பு எழுத்து மூலம் திரும்பப் பெற்றால் உறுப்பினர் தகுதி முடியும்" என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். கடையில் விற்கும் மாதிரி விதிப் படிவத்தில் இந்த வரி இருக்காது.

உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளராக நிற்பவர் மனுத் தாக்கல் செய்த அன்றே பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்ற விதியும் இந்த மண்ணுக்கு அவசியம். கட்சி ஈடுபாடு இல்லாத பொதுக்காரியக்காரரை டெல்டாவில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. கட்சியில் இருப்பது தவறில்லை, கூட்டமைப்பின் மேடை பிரசார மேடை ஆகாமல் இருந்தால் போதும்.

இந்த மூன்றும் கைகூடினால் மட்டும் சங்கமாகப் பதியுங்கள்: தாக்கல் வேலையை அறிந்தவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், பன்னிரண்டு மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்ததற்குத் தீர்மானப் புத்தகத்தில் சாட்சி இருக்க வேண்டும், வங்கிக் கணக்கு இல்லாமல் செய்யவே முடியாத ஒரு வேலை கையில் இருக்க வேண்டும்.

அறக்கட்டளை

பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது. சங்கத்தைப் போல ஆண்டுத் தாக்கல் கிடையாது, வருமான வரிக் கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இந்த எளிமைக்காகவே பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டமைப்புக்கு இது பொருந்தாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அறக்கட்டளையில் முடிவெடுப்பவர்கள் அறங்காவலர்கள். அவர்களை மாற்றும் வழி பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் உண்டு, பெரும்பாலான பத்திரங்களில் அது ஆயுட்காலப் பதவியாகவே இருக்கும். எட்டு அமைப்புகள் சமமாக உட்கார வேண்டிய இடத்தில் மூன்று பேர் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஆம்புலன்ஸ் வாங்குவது, கட்டடம் எழுப்புவது, சொத்தை நிர்வகிப்பது என்று வேலை அமைந்தால் அறக்கட்டளை சரியான கருவி. உரிமையைக் கேட்டு வாங்கும் வேலைக்குச் சொத்து தேவையில்லை.

இன்னொரு அமைப்பின் நிழலில்

கூட்டமைப்பு தனியாகப் பதிவு செய்யாமல், உறுப்பு அமைப்புகளில் ஏற்கெனவே பதிவும் கணக்கும் உள்ள ஒன்று பணத்தை மட்டும் வைத்துக்கொடுப்பது இது. முதல் இரண்டு வருடங்களுக்கு இதுவே நல்ல வழி. ஆனால் வாய்ப்பேச்சில் விடக் கூடாது. ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கூட்டமைப்பின் பணத்துக்குத் தனி லெட்ஜர். செலவுக்கு அந்த அமைப்பின் பொருளாளரோடு கூட்டமைப்பின் ஒருவர் ஒப்புதலும். மாதம் ஒருமுறை கணக்கு வாசிப்பு. பத்திரிகையிடம் கூட்டமைப்பின் பெயரில் யார் பேசுவது. பிரிந்தால் எத்தனை நாளில் மீதிப் பணம் கைமாறும். அறுபது நாள் என்று எழுதிவிடுவது நல்லது.

நிழல் தரும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். அது சுகாதாரத் துறையிடமிருந்து ஏதாவது திட்ட நிதி வாங்குகிறதா? வாங்கினால், துறைக்கு எதிராக மனு எழுதும் நாளில் அதன் கை நடுங்கும். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்களுடைய ஊழியர்களின் சம்பளம் அந்த நிதியில் இருக்கிறது.

வெளிநாட்டுப் பணம் இங்கே தனிக் கவனம் கேட்கும் விஷயம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர், மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஒருவராவது இருப்பார், நல்ல காரியம் என்றால் பணம் அனுப்பத் தயங்க மாட்டார். அவர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் தெருவில் பிறந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன் கீழ் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். அனுமதி உள்ள அமைப்பு வாங்கி நமக்குத் தரலாமே என்றால், 2020-ல் வந்த திருத்தம் அப்படிக் கைமாற்றுவதையும் தடுத்துவிட்டது. அதனால் ரசீது போடும் முன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். கேட்பதில் சங்கடம் வேண்டாம்.

ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை, தனியார் மருத்துவமனை ஆகியவற்றிடமிருந்து நன்கொடை வேண்டாம். பேனர் செலவுகூட வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் கருவி பழுது என்று நீங்கள் மனு கொடுக்கும் நாளில் அந்த பேனர்தான் உங்களுக்கு எதிராக முதலில் நீட்டப்படும்.

அரசுக் குழுக்களுக்குள்

கிராம அளவில் சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு இருக்கிறது. தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் அதற்கு வருவாய்க் கிராமத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டற்ற நிதி, அதாவது குறிப்பிட்ட ஒரு செலவுக்கென்று கட்டப்படாத நிதி, என்று வகுக்கப்பட்டது. மருத்துவமனை அளவில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. இவற்றுக்குள் போய் உட்கார்ந்தால் கணக்கைப் பார்க்கலாம், கூட்டக் குறிப்பைக் கேட்கலாம். ஆனால் ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் இருக்கும் குழுவில், அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை எழுப்புவது எளிதில்லை. இரண்டு பேரை அனுப்பி வையுங்கள், கூட்டமைப்பின் வீடாக இதை ஆக்காதீர்கள்.

செவிலியரைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்து இல்லாததற்கு மக்கள் திட்டுவது அவரைத்தான். அவருக்கோ மருந்து வராததில் நம்மைவிடக் கோபம் அதிகம் இருக்கும். மனுவில் அவர் பெயரை இழுக்காமல், இருப்புப் பதிவேட்டின் எண்களை மட்டும் எழுதினால் அவரும் நம் பக்கம் நிற்பார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கும் இது பொருந்தும். அவர்களைப் போராட்டத்தின் முன்வரிசையில் நிறுத்தி வேலைக்கு உலை வைக்கக் கூடாது.

எந்த வடிவமானாலும் எது நிலைக்க வைக்கும்

கோரிக்கை எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். "மருத்துவ வசதி வேண்டும்" என்ற மனுவுக்கு "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பதில்தான் வரும். பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்பில் நடக்கும் நடவுப் பெண்களுக்கும் தரையில் படுக்கும் குடும்பங்களுக்கும் அது ஆண்டுதோறும் வரும் ஆபத்து. விஷம் ஏறியவருக்கு எதிர்விஷ மருந்தை வழக்கமாகப் பத்துக் குப்பியில் தொடங்குவார்கள். குளிர்பெட்டியில் நாலு குப்பி இருக்கும் நிலையத்தில் "மருந்து இருக்கிறது" என்று பதிவேடு சொல்லும், ஆனால் ஒரு ஆளுக்கு முழு முதல் டோஸ் போட முடியாது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனைக்கு இரண்டு மில்லி ரத்தமும் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயும் போதும். பிளாஸ்டிக் குழாயில் வைத்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் வைத்தாலோ முடிவு தப்பாக வரும். ஆகவே ஆய்வுத் தாளில் ஐந்தே கேள்விகள்: எதிர்விஷக் குப்பி எத்தனை, காலாவதித் தேதி என்ன, கண்ணாடிக் குழாய் உண்டா, ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் உண்டா, ராத்திரி பணியில் யார். இரண்டு பேர் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். மனுவில் "பத்துக்குக் குறையாமல்" என்று எழுதினால், அடுத்த மாதம் போய் எண்ணிப் பார்க்கலாம். நடந்ததா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமிருக்காது. தமிழ்நாட்டில் 2024-ல் பாம்புக்கடி அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டிருப்பதால், எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணையும் கேட்க வலுவான பிடி இருக்கிறது.

மனு தவறான மேசைக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ். வட்ட மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ், மாவட்டத்தில் இணை இயக்குநர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ், பதில் சொல்ல வேண்டியவர் டீன். காரைக்கால் மருத்துவமனைகளுக்கு நம் ஆட்கள் நிறையப் பேர் போகிறார்கள், அங்கே நிர்வாகம் புதுச்சேரி அரசு, அல்லது ஜிப்மர் கிளையானால் மத்திய அரசு. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதிக் கலெக்டரிடம் கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுற்றும். நிலையத்துக்கு ஒரு மனு, மேசைக்கு ஒரு மனு என்று பிரித்துக் கொடுங்கள்.

கூட்டம் நடத்தும் இடத்தை யோசித்து வையுங்கள். ஊர்த்தெருவில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடத்தினால் காலனியிலிருந்து வருபவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், இரண்டாவது கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அரசு நிலையம் வரை நடந்து போய் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான். கிளை நூலகம், பள்ளிக்கூடம், சுகாதார நிலையத்து மரத்தடி, இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். கடைசி டவுன் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகக் கூட்டம் முடிய வேண்டும்.

வாட்ஸப் குழுவில் ஜோடிகள் மட்டும் இருந்தால் போதும். அதில் நோயாளியின் படம் வரவே கூடாது. கடிபட்ட காலின் படம்கூட.

இனி காலண்டர். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை, புரட்டாசியில் சம்பா நடவு, ஐப்பசி கார்த்திகையில் மழையும் வெள்ளமும், தை மாசியில் அறுவடையும் கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடப்பதும். கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வயல்காரரும் விசைப்படகுக்காரரும் ஒரே நேரத்தில் ஊரில் இருப்பது ஏப்ரல் பாதி முதல் ஜூன் முதல் வாரம் வரைதான். மே 1 கிராம சபை அதற்குள்ளேயே வருகிறது. ஆண்டு வேலையை அதை நோக்கித் திருப்பி வையுங்கள்.

மார்ச் பத்தாம் தேதிக்குள் தகவல் உரிமை விண்ணப்பங்களை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால், முப்பது நாள் கெடுவில் ஏப்ரல் நடுவில் பதில் வந்துவிடும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஏப்ரல் கடைசி இரண்டு வாரங்களில் ஜோடிகள் நிலையங்களுக்குப் போய், பதிலில் உள்ள எண்ணும் அலமாரியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். தீர்மான வாசகத்தை மே 1-க்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சித் தலைவரிடமும், தலைவர் பதவிக்காலம் முடிந்திருந்தால் தனி அலுவலரிடமும் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர் வராவிட்டால் கோரம் இல்லை என்று சபையே கலைந்துவிடும், ஆகவே ஆள் திரட்டுவது மகளிர் குழுக்களின் பொறுப்பு. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதை அன்றே கண்ணால் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் திங்கட்கிழமை அதன் நகலோடு கலெக்டரிடமும் உரிய துறையிடமும் மனு. குறுவை நடவுக்குப் பெண்கள் வயலில் இறங்குவதற்கு முன் குளிர்பெட்டியில் பத்துக் குப்பி வந்துசேர இந்தக் கணக்கில் ஐந்து வாரம் இடமிருக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் மறுபடி போய் எண்ணுங்கள். குறைந்தால் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அதே தீர்மானம், அதே எண், பழைய தேதியோடு.